வேலைக்குப் போகிறவருக்குத் தத்துவம் எதற்கு?

"இந்த வேலையை விட்டுவிடலாமா?" "மேனேஜர் சொல்வது தப்பு என்று தெரிந்தும் தலையாட்டலாமா?" "என்னோடு சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு, எனக்கு ஏன் இல்லை?" காலை ஒன்பது மணிக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பலருக்கு இவற்றில் ஏதோ ஒன்று மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டெக்னோபார்க்குக்குப் போக கழக்கூட்டம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், சாலைக் கம்போளத்தில் கடை திறக்க ஓடுகிறவர், தலைமைச் செயலகத்து எழுத்தர், நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்து தம்பானூரில் இறங்கி நடந்து வரும் வங்கி ஊழியர் என்று ஆட்கள்தான் வேறு. எது சரி? எனக்கு எது உண்மையாகத் தெரியும்? எதற்காக உழைக்கிறேன்? கடைசியில் கேள்விகள் இங்கேதான் வந்து நிற்கின்றன. தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளும் இவைதான்.

தத்துவம் என்றதும் ஓய்வு பெற்றபின் படிக்கலாம் என்று தள்ளிவைத்துவிடுகிறோம். இந்த ஊரின் வரலாறு அதை ஒப்புக்கொள்ளாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து தத்துவம் பேசியவர்களில் முக்கியமானவர்கள் மாதச் சம்பளம் வாங்கியவர்கள். கோப்பு, கணக்கு, மேலதிகாரி எல்லாம் அவர்களுக்கும் இருந்தன. அவர்களில் மூவரைத் தெரிந்துகொள்வது எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகத்தையும்விட உங்களுக்கு உதவும் என்று நான் நம்புகிறேன்.

மூன்று சம்பளக்காரர்கள்

முதலாமவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909). தமிழர். ஆங்கிலேய ரெசிடென்ட் தங்கிய தைக்காட்டு ரெசிடென்சியில் மேலாளர். 'சூப்ரண்டு அய்யாவு' என்றுதான் ஊரில் பெயர். பகலில் மாளிகை நிர்வாகம். மற்ற நேரத்தில் யோகமும் சித்தாந்தமும் கற்பித்தல். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றவர்கள். சாதி பார்த்துத் தெருவில் நடக்கவே தடை இருந்த காலத்தில், எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவர் என்றும், அதற்காக ஏச்சு வாங்கியவர் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

இரண்டாமவர் 'மனோன்மணீயம்' எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897). ஆலப்புழையில் பிறந்தவர். தமிழ்த்தாய் வாழ்த்தை நாம் பாடுவது அவருடைய நாடகத்திலிருந்து. ஆனால் அவரது பிழைப்பு தத்துவம். இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரியான அன்றைய மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். இடையில், 1880களின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் 'பிறவகை சிரஸ்தார்' என்ற அதிகாரப் பதவியிலும் இருந்தார். பிறகு அந்தப் பதவியிலிருந்து வகுப்பறைக்கே திரும்பினார். 1885இல் சைவப் பிரகாச சபையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

மூன்றாமவர் சட்டம்பி சுவாமிகள் (1853–1924). கண்ணம்மூலையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இன்று தலைமைச் செயலகமாக நிற்கும் கட்டடம் எழும்பியபோது அங்கே கல்லும் மண்ணும் சுமந்தார் என்பார்கள். கட்டடம் 1869இல் முடிந்தது. அப்போது அவருக்கு வயது பதினாறு. பிறகு ஆவணம் எழுதினார், அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனார், சீக்கிரமே அதை விட்டார். தமிழ்ச் சாத்திரங்களையும் வேதாந்தத்தையும் தேடிப் படித்தார். பேட்டையில் ராமன் பிள்ளை ஆசான் நடத்திய 'ஞானப்பிரஜாகரம்' என்ற கூட்டத்தில் இவர்களெல்லாம் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள்.

ஒருவர் கடைசிவரை ஒரே வேலையில் இருந்தார். ஒருவர் பெரிய பதவியிலிருந்து விருப்பமான வேலைக்கு மாறினார். ஒருவர் வேலையையே விட்டார். அவர்கள் படித்த நூல்களும் பேசிய பொருளும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே 'தத்துவம் படித்தால் வேலையை விடத் தோன்றும்' என்று வீட்டில் யாராவது பயந்தால் அய்யாவுவைக் காட்டுங்கள். 'தத்துவம் படித்தால் எதையும் பொறுத்துக்கொண்டு கிடப்பாய்' என்று யாராவது சொன்னால் சட்டம்பியைக் காட்டுங்கள்.

கண்டதா, கருதியதா, கேட்டதா?

இவர்கள் விவாதித்த சைவ சித்தாந்தத்திலிருந்தே முதல் கருவியை எடுத்துக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவையைப் பற்றிப் பேசுகிறது. அதாவது, ஒன்றை அறிந்தேன் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறாய் என்ற விசாரணை. அளவைகளை ஆறு, பத்து என்று எண்ணுகிறவர்கள் உண்டு. எல்லாம் மூன்றில் அடங்கிவிடும் என்கிறது நூல். காட்சி, கருதல், உரை. நேரில் கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டது.

அலுவலகத்துச் சண்டைகளில் பெரும்பகுதி இந்த மூன்றும் கலந்து போவதால் வருகிறது. ஒரு சாதாரண உதாரணம். கூட்டத்தில் உங்கள் யோசனையை மேனேஜர் கவனிக்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இவ்வளவுதான் நீங்கள் கண்டது. 'அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்பது கருதல். 'இந்த வருஷம் உன் பெயரை மேலே அனுப்பப் போவதில்லையாம்' என்று கேன்டீனில் ஒருவர் சொன்னது உரை. மாலை பஸ்ஸில் திரும்பும்போது மூன்றும் சேர்ந்து 'எனக்கு எதிராகச் சதி நடக்கிறது' என்று ஆகிவிட்டிருக்கும். இராத்திரி தூக்கம் போகும். மறுநாள் நீங்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டீர்கள். அப்போதுதான் மேனேஜருக்கு உங்களை உண்மையிலேயே பிடிக்காமல் போகத் தொடங்கும்.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். கண்டது பத்தியில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிதான் தேறும். கருதல் பத்தி நிரம்பி வழியும். அங்கே ஒவ்வொரு வரிக்கும் ஏது என்ன என்று கேளுங்கள். புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்பது சரியான ஊகம், ஏனென்றால் நெருப்பில்லாமல் புகை இராது. மேனேஜர் பதில் சொல்லாமல் இருப்பதற்கு வெறுப்பைத் தவிர வேறு காரணமே கிடையாதா? நேரம் போதவில்லை, காதில் விழவில்லை, அன்று அவருக்கே மேலிடத்துத் திட்டு என்று பத்து காரணம் இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் புகை புகையே ஆகாது.

உரையைச் சோதிப்பது இன்னும் முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் வரும் ஆட்குறைப்புச் செய்தியை யார் சொன்னார்? அவருக்கு அதை அறியும் இடம் இருந்ததா? சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டா? சித்தாந்திகள் உரையை அளவையாக ஏற்றது, சொல்பவர் குற்றமற்றவர் என்ற நிபந்தனையோடுதான். கேன்டீன் நண்பர் நல்லவராக இருக்கலாம். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை என்றால் அது உரை ஆகாது.

காட்சியிலும் பிழை உண்டு என்பதை நூல் மறக்கவில்லை. தூரத்தில் தெரிவது கட்டையா ஆளா என்று நிச்சயமில்லாமல் நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே முடிவுகட்டுவது திரிபு. என் அனுபவத்தில், வேலையிடத்தில் ஐயத்தால் கெட்டவர்கள் குறைவு, திரிபால் கெட்டவர்கள் அதிகம். நிச்சயமில்லை என்றால் போய்க் கேட்டுவிடலாம். நிச்சயம் என்று நினைக்கிறவர்தான் கேட்கவே மாட்டார்.

இந்த அளவை விசாரணை தமிழில் சித்தியாருக்கு முன்பே உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் நாயகி வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் 'உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். முதலில் அவள் சந்திப்பவர் அளவைவாதி. பிறகு அறவண அடிகள் அவளுக்குச் சரியான வாதம் எது, போலி வாதம் எது என்று வகைபிரித்துக் கற்பிக்கிறார். வேலைக்குச் சேரும் ஓர் இளம்பெண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எதிராளியின் கட்சியை முதலில் சொல்

சிவஞான சித்தியாருக்கு இரண்டு பாகம். பரபக்கம், சுபக்கம். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால்தான் வருகிறது. முதலில், தான் மறுக்கப்போகும் பதினான்கு தரப்புகளை, உலகாயதர் தொடங்கி, அவரவர் வாயால் சொல்வதுபோல் எடுத்து வைத்து, பிறகு மறுக்கிறது.

அடுத்த முறை அலுவலகத்தில் வாக்குவாதம் வரும்போது இதைச் செய்து பாருங்கள். "நீங்கள் சொல்வது இதுதானே: இந்த மாதமே ஆர்டரை அனுப்பினால் வாடிக்கையாளர் நம் கையில் நிற்பார், சோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சரியாகச் சொன்னேனா?" அவர் "ஆமாம், அதேதான்" என்று சொல்லும்வரை உங்கள் பக்கத்தைத் திறக்காதீர்கள். இரண்டு விஷயம் நடக்கும். அவருடைய குரல் தணியும். உங்களுக்கும் அவர் சொல்வதில் உள்ள நியாயம் முதல்முறையாகக் கண்ணில் படும். சில சமயம் அதோடு வாதமே முடிந்துவிடும், நீங்கள் மாறிவிடுவீர்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அருள்நந்தியைப் பற்றி மரபு சொல்லும் ஒரு கதை இங்கே பொருத்தம். அவர் எல்லா ஆகமங்களும் கற்ற பெரியவர். சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு. சிறுவன் மெய்கண்டார் பாடம் சொல்கிறார், தன் மாணவர்களும் அங்கே போகிறார்கள் என்று கேட்டுக் கோபத்தோடு வருகிறார். வந்து நின்று, ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்கிறார். சிறுவர் பதில் பேசாமல் அவர் நிற்கும் கோலத்தையே சுட்டிக்காட்டுகிறார். பெரியவர் அங்கேயே மாணவராகிவிட்டார். உங்களைவிடப் பத்து வயது குறைந்தவர் உங்களுக்கு டீம் லீடராக வந்திருந்தால், இந்தக் கதையைப் பொறுமையாக ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும்.

கையில் இருப்பது, இல்லாதது

அப்ரைசல் காலத்தில் எல்லாரும் நாடுவது கிரேக்க, ரோமானிய ஸ்டோயிக் ஞானிகளை. அடிமையாக வாழ்ந்த எபிக்டீட்டஸ் சொன்னதன் சாரம்: உன் வசத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரி, உள்ளதில் உழை, இல்லாததற்காகக் குமையாதே. உங்கள் உழைப்பு, சொல், தயாரிப்பு ஆகியவை உங்கள் வசம். மதிப்பெண் போடுகிறவர் மனம் உங்கள் வசத்தில் இல்லை. நல்ல பாடம், படித்த அன்றே பயன் தரும்.

ஆனால் இதில் ஒரு வழுக்கல் உண்டு, அதைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. தனி ஆளாகப் பார்த்தால் நம் வசத்தில் இல்லாத பல விஷயங்கள், பலர் சேர்ந்தால் வசப்படுகின்றன. கேரளத்துத் துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்தார்கள். உட்கார அனுமதி இல்லை. கழிப்பறைக்குப் போவதற்கே சங்கடம். 'இது நம் கையில் இல்லை' என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால் இன்றும் அப்படியேதான் இருந்திருக்கும். கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு உட்காரும் உரிமைக்காகப் போராடியது. 2018இல் கேரளம் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைக் கொடுத்தது. 2021இல் தமிழ்நாடும் சட்டம் கொண்டுவந்தது. சாலைக் கம்போளத்தில் ஒரு கடையில் இருக்கை போட்டிருந்தால் அதற்குப் பின்னால் இந்தப் போராட்டம் இருக்கிறது.

ஆகவே எபிக்டீட்டஸைப் படியுங்கள், ஆனால் கேள்வியை ஒரு படி நீட்டிக் கேளுங்கள். இது என் கையில் இல்லையா, எங்கள் கையிலும் இல்லையா? சம்பள பாக்கி, கூடுதல் நேரத்துக்குக் கூலி இல்லாமை, பாலியல் தொந்தரவு ஆகியவற்றைத் தத்துவத்தால் ஆற்றிக்கொள்ளக் கூடாது. முதல் இரண்டுக்கும் தொழிலாளர் துறை இருக்கிறது. மூன்றாவதற்கு, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம் ஒவ்வொன்றிலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும்.

பொய் சொல்லச் சொன்னால்

ஒரு கடையை நினைத்துக்கொள்வோம். பையன் கேட்கிறான்: "அண்ணாச்சி, இது போன வருசத்துச் சரக்குல்லா? பழைய விலைல்லா இருக்கு?" அவர் சொல்கிறார்: "நீ புது ஸ்டிக்கர ஒட்டுலே, பேசாத."

கான்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு சோதனை வைத்தார். நீ செய்யப்போவதை எல்லாரும் விதியாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? எல்லாக் கடையும் ஸ்டிக்கர் மாற்றினால் ஸ்டிக்கரை யாரும் நம்பமாட்டார்கள். பிறகு மாற்றியும் பயனில்லை. மற்றவர்களின் நேர்மையைத் தின்றுதான் இந்தப் பொய் வாழ்கிறது. வள்ளுவர் சற்று வேறு இடத்தில் நிற்கிறார். யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று தொடங்கி, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்றுவரை போகிறார். நோயாளியின் மகனிடம் பேசும் நர்ஸுக்கு வள்ளுவர் அதிகம் உதவுவார் என்பது என் கருத்து. ஸ்டிக்கர் விஷயத்தில் இருவருக்கும் பேதமில்லை, வாங்குகிறவருக்குத் தீங்கு.

சரி, பையன் என்ன செய்வது? 'மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு முன், மாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். "பழைய விலைக்கே முன்னால வச்சு வித்துருவோம் அண்ணாச்சி, ரெண்டு நாள்ல போயிரும்." கூடவே, பொட்டலப் பொருளின் அச்சிட்ட விலையை மாற்றி ஒட்டுவது சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம், பிடித்தால் கடைக்குத்தான் அபராதம் என்பதையும் மெல்லச் சொல்லலாம். இவ்வளவுக்கும் பிறகு கட்டாயப்படுத்தினால், வேறு கடை தேடும் நாள் வந்துவிட்டது. அந்த நாளுக்காக இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவைப்பதும் அறத்தின் பகுதிதான். கையில் காசில்லாதவனுக்கு 'மாட்டேன்' என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

விடலாமா, இருக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் மறுபடி அந்த மூவரிடம்தான் போவேன். அய்யாவு 1873 முதல் ரெசிடென்சியில் இருந்தார். பந்தி வைத்த மனிதர் ஆங்கிலேய நிர்வாகத்தில் ஏன் நீடித்தார் என்று கேட்கலாம். அந்த இருப்பிடம் அவருக்கு ஒரு காப்பாக இருந்தது என்று ஊகிக்கிறேன். சாதிக் கட்டுப்பாடு அவரை அவ்வளவு எளிதில் தொட்டிருக்க முடியாது. உங்கள் வேலை உங்களுக்கு எதைச் செய்ய இடம் தருகிறது என்று பாருங்கள். வேலை சலிப்பாக இருந்தும் மாலை நேரமும் மனமும் உங்களுடையதாக இருந்தால், அது சின்ன விஷயமல்ல.

சுந்தரம் பிள்ளையைப் பார்த்தால் வேறு பாடம். சிரஸ்தார் பதவிக்கு இருந்த மதிப்பு பேராசிரியர் பதவிக்கு இருந்திருக்குமா என்று ஊரில் பேசியிருப்பார்கள். அவர் திரும்பிவந்த பிறகுதான் 1888இல் அறிவுத்துறைகளை வகைப்படுத்தும் 'நூற்றொகை விளக்கம்', 1891இல் 'மனோன்மணீயம்' எல்லாம் வந்தன. அவர் மறைந்தபோது வயது நாற்பத்திரண்டுதான். வருவாய்த் துறையிலேயே இருந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல அதிகாரி கிடைத்திருப்பார். மாற நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அவர் தெரியாத துறைக்குக் குதிக்கவில்லை. 1880இலேயே தத்துவத்தில் எம்.ஏ. முடித்து, அங்கே தன் இடம் எது என்று தெரிந்துவைத்திருந்தார்.

வெளியுலகிலிருந்து ஒருவர். ஸ்பினோசா ஹாலந்தில் கண்ணாடி வில்லை தேய்த்து வாழ்ந்தார். 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. நிறுவப்பட்ட மதத்தைக் குலைக்காத வரையில் சுதந்திரமாகப் பேசலாம் என்று அழைப்பில் ஒரு வரி. அந்த எல்லை எங்கே முடியும் என்று தெரியவில்லையே என்று மறுத்துவிட்டார். புதிய வேலைக்கான கடிதம் கையில் வந்ததும் சம்பளத் தொகையை மட்டும் பார்க்கிறோம். 'நிறுவனத்தின் தேவைக்கேற்ப' என்று முடியும் வாக்கியங்களை அவர் படித்த மாதிரி படியுங்கள். கையெழுத்துக்கு முன் ஹெச்.ஆரிடம் விளக்கம் கேளுங்கள்.

எங்கே தொடங்குவது?

தனியாகப் படித்தால் தத்துவம் சீக்கிரம் அலுத்துப்போகும். ஞானப்பிரஜாகரமும் சைவப் பிரகாச சபையும் நடந்தது, ஆட்கள் கூடிப் பேசியதால். வெவ்வேறு வேலை பார்க்கும் நான்கைந்து பேர் போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு கேள்வி. எல்லாரும் ஒரே அலுவலகத்தவராக இருந்தால் அது புலம்பல் கூட்டமாகிவிடும். ஒரு ஆசிரியர், ஒரு கடைக்காரர், ஒரு கணினிக்காரர் என்று கலந்திருக்கட்டும். கடைக்காரர் என்று சும்மா சொல்லவில்லை. தமிழின் முக்கியமான கதைக்காரர்களில் ஒருவரான ஆ. மாதவன் இதே சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டேதான் 'கிருஷ்ணப் பருந்து' போன்ற நாவல்களை எழுதினார். தெருவில் அவர் பார்த்த சுமைக்காரர்களும் போக்கிரிகளும் அவர் கதைகளில் அறக் கேள்விகளோடு நடமாடுகிறார்கள்.

பாளையத்திலுள்ள மாநில மைய நூலகம் 1829இல் தொடங்கியது, உறுப்பினராகிவிடுங்கள். மணிமேகலையின் 27, 29ஆம் காதைகளை உரையோடு படியுங்கள். பிறகு எபிக்டீட்டஸின் சிறு கைநூல். ஒரு மாலையில் முடியும். சித்தியாரின் அளவைப் பகுதியை ஆசிரியர் ஒருவர் துணையோடு படிப்பது நல்லது, தனியாகப் படித்தால் பரிபாஷை பயமுறுத்தும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு கூடுதல் செய்தி. மத்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறநெறி ஒரு தனித்தாள், 250 மதிப்பெண். அதில் பாதியளவு, ஓர் அதிகாரி இக்கட்டில் மாட்டும் சூழலைக் கொடுத்து 'நீ என்ன செய்வாய்?' என்று கேட்பது. மனப்பாடம் அங்கே எடுபடாது. ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன கடையை எடுத்துக்கொண்டு, அண்ணாச்சியின் கட்சியை அவரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள், பையனின் கட்சியை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள், பிறகு உங்கள் முடிவை எழுதுங்கள். எழுதியதை அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், முக்கியமாகக் கடைக்காரரிடம், படித்துக் காட்டுங்கள். எங்கே இடறுகிறது என்று அவர் சொல்லிவிடுவார்.